வெப்ப இயக்கவியல் பேப்பர் ஏன் புரிய மாட்டேன் என்கிறது?

கேள்வி இதுதான்: பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. வெப்ப இயக்கவியலும் வாயுக்களின் இயக்கவியற் கொள்கையும் சேர்ந்து ஒரே பேப்பர். டெரிவேஷன் எல்லாம் பார்க்காமல் எழுத வருகிறது, ஆனால் கணக்கு என்று வந்தால் எந்தச் சூத்திரத்தைப் போடுவது என்று தெரியவில்லை. என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை என்கிறார்கள், புத்தகத்தில் வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தால் என்ட்ரோபி என்று இருக்கிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? இதை எப்படித்தான் படிப்பது?

பல வருடமாக இந்தப் பேப்பரை வகுப்பில் எடுத்து வருகிறேன், அதனால் சொல்கிறேன், இது உங்கள் ஒருவருடைய பிரச்சினை இல்லை. ஒரே பேப்பர் என்று பெயர் போட்டிருக்கிறதே தவிர உள்ளே இருப்பது இரண்டு தனித்தனிப் பாடங்கள். வெப்ப இயக்கவியலுக்கு மூலக்கூறு என்று ஒன்று இருப்பதே தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அழுத்தம், பருமன், வெப்பநிலை என்று கையால் அளக்கக்கூடியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எது நடக்கும், எது நடக்கவே நடக்காது என்று சொல்லிவிடும். இயக்கவியற் கொள்கை நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. மூலக்கூறுகள் இருக்கின்றன, நியூட்டன் விதிப்படி ஓடுகின்றன, மோதுகின்றன என்று வைத்துக்கொண்டு அதிலிருந்து அழுத்தத்தையும் வெப்பநிலையையும் வரவழைக்கப் பார்க்கிறது. இரண்டையும் ஒரே நோட்டில் கலந்து எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும். இரண்டு நோட்டு போடுங்கள். இரண்டும் சந்திக்கும் இடங்கள் சில உண்டு, அவற்றைக் கீழே காட்டுகிறேன்.

வரலாறே இந்தப் பிரிவினைக்குச் சாட்சி. பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ, வெப்ப இன்ஜின் பற்றிய தன் புத்தகத்தை 1824இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 28. வெப்பம் என்பது ஒருவகைத் திரவம், மேலிருந்து கீழே அருவி விழுவது போல அதுவும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு விழும்போது வேலை செய்கிறது என்று நினைத்துத்தான் அதை எழுதினார். அந்தப் படம் தவறு. ஆனாலும் எந்த இன்ஜினும் மீள் இன்ஜினை (அப்படியே திருப்பி ஓட்டக்கூடிய இன்ஜினை) மிஞ்ச முடியாது என்ற முடிவு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. மேயரும் ஜூலும் ஆற்றல் அழிவின்மையைச் சொன்னது 1840களில், அதாவது இரண்டாம் விதியின் விதை முதல் விதிக்கு முன்னாலேயே விழுந்துவிட்டது. இரண்டையும் கிளாசியஸ் 1850இல் பொருத்திக் காட்டினார், என்ட்ரோபி என்ற பெயரை வைத்தது 1865இல். இதைத் தேர்வில் யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் மூலக்கூறைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இவ்வளவு தூரம் போக முடிந்தது என்பது மனதில் பதிய வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். எந்தச் சூத்திரத்தைப் போடுவது என்று தெரியவில்லை என்றால், அந்தச் சூத்திரம் எந்த நிபந்தனையில் உண்மை என்பதை நீங்கள் கூடவே படிக்கவில்லை என்று அர்த்தம். வருடா வருடம் விடைத்தாளில் நான் பார்க்கும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறேன். 1 மோல் நைட்ரஜன், 300 கெல்வின், பருமன் இரண்டு மடங்காகிறது. கடைசி வெப்பநிலை என்ன?

இது அரைக் கேள்விதான். எப்படி இரண்டு மடங்கானது என்று சொல்லாமல் பதில் கிடையாது. மூன்று வழி பார்க்கலாம். முதலாவது, உருளை 300 கெல்வின் நீர்த்தொட்டிக்குள் இருக்கிறது, பிஸ்டனை மெதுவாக விடுகிறோம். வெப்பநிலை மாறாது, வாயு 1729 ஜூல் வேலை செய்யும், அதே 1729 ஜூல் தொட்டியிலிருந்து உள்ளே வரும். இரண்டாவது, உருளையைச் சுற்றி வெப்பம் புகாத உறை, பிஸ்டனை அதே மாதிரி மெதுவாக விடுகிறோம். இப்போது வெப்பம் வர வழியில்லை, வேலைக்கான ஆற்றலை வாயு தன் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும், வெப்பநிலை 227 கெல்வினுக்கு இறங்கும், செய்த வேலை சுமார் 1510 ஜூல். மூன்றாவது, அதே உறை, ஆனால் பிஸ்டன் இல்லை. நடுவில் ஒரு தடுப்பு, அந்தப்பக்கம் வெற்றிடம். தடுப்பைச் சட்டென்று எடுத்துவிடுகிறோம். வாயு பாய்ந்து நிறைகிறது. வெப்பம் சுழி, தள்ளுவதற்கு எதுவும் இல்லாததால் வேலையும் சுழி, அக ஆற்றல் மாறவில்லை, நல்லியல்பு வாயு (மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்காத வாயு) என்பதால் வெப்பநிலை அதே 300.

வகுப்பில் பாதிப்பேர் மூன்றாவதற்கும் 227 என்று எழுதுவார்கள். 'வெப்பமாறா நிகழ்வு' என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாக, அழுத்தத்தைப் பருமனின் காமா அடுக்கால் பெருக்கினால் மாறாது என்ற அந்தச் சூத்திரத்துக்குப் போய்விடுகிறது (காமா என்பது வாயுவின் அழுத்தம் மாறா, பருமன் மாறா வெப்ப எண்களின் விகிதம்). அந்தச் சூத்திரம் பிறந்தது வாயு ஒவ்வொரு நொடியும் சமநிலையில் இருக்கிறது, வெளியழுத்தமும் உள்ளழுத்தமும் கிட்டத்தட்ட சமம் என்ற அனுமானத்தில். தடுப்பைப் பிடுங்கிய நொடியில் அந்தப் பெட்டிக்குள் 'அழுத்தம்' என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லவே முடியாது, பிறகு எங்கே சூத்திரத்தைப் போடுவது? நானே படிக்கிற காலத்தில் ஒரு மாதிரித் தேர்வில் இதே தவறைச் செய்து, மதிப்பெண் போட்டவரிடம் போய் விடை சரிதானே என்று வாதாடியும் வந்தவன்.

இதே கணக்கில்தான் உங்கள் என்ட்ரோபி கேள்வியும் ஒளிந்திருக்கிறது. மூன்றாவது வழியில் வெப்பம் சுழி, அப்படியானால் என்ட்ரோபி மாற்றமும் சுழி என்று எழுதத் தோன்றும். தப்பு. வெப்பத்தை வெப்பநிலையால் வகுப்பது மீள் நிகழ்வுக்கு மட்டும்தான். என்ட்ரோபி நிலைமாறி (வந்த பாதையை அல்ல, இருக்கும் நிலையை மட்டும் பொறுத்தது) என்பதால், அதே தொடக்கத்திலிருந்து அதே முடிவுக்குப் போகும் ஒரு மீள் பாதையை நாமே கற்பனை செய்துகொண்டு அதில் கணக்கிட வேண்டும். முதல் வழி அப்படிப்பட்ட பாதைதான்: 1729ஐ 300ஆல் வகுத்தால் 5.76 ஜூல்/கெல்வின். ஆகவே முதல் வழியிலும் மூன்றாவது வழியிலும் வாயுவின் என்ட்ரோபி ஏற்றம் ஒன்றுதான். முதலாவதில் தொட்டி அதே 5.76ஐ இழந்துவிட்டது, மொத்தம் சுழி. மூன்றாவதில் யாரும் எதையும் இழக்கவில்லை, மொத்தம் 5.76 கூடியே விட்டது. இரண்டாவதில் வாயுவுக்கே சுழி. இந்த மூன்று வரியையும் ஒரு அட்டவணையாக நீங்களே போட்டு வெப்பம், வேலை, அக ஆற்றல், என்ட்ரோபி என்று நான்கு பத்தியையும் நிரப்பிப் பாருங்கள். முதல் இரண்டு யூனிட்டின் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடும்.

குறியீடு பற்றி ஒரு வரி. துணைப்பாடமாக வேதியியல் எடுத்திருந்தால் அங்கே வேலையைக் கூட்டுவார்கள், இயற்பியல் புத்தகத்தில் கழிப்பார்கள். அங்கே வாயுவின் மீது செய்யப்பட்ட வேலை, இங்கே வாயு செய்த வேலை, அவ்வளவுதான். கணக்கைத் தொடங்கும் முன் எதை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, 'வாயுவுக்குள் இருக்கும் வெப்பம்' என்று எழுதாதீர்கள். மொட்டைமாடித் தொட்டியில் லாரித் தண்ணீரும் போர்த் தண்ணீரும் விட்ட பிறகு அதில் எத்தனை லிட்டர் லாரி, எத்தனை லிட்டர் போர் என்று பார்த்துச் சொல்ல முடியுமா? மொத்தம் இவ்வளவு என்றுதான் சொல்ல முடியும். வெப்பமும் வேலையும் வருகிற வழிகள், உள்ளே இருப்பது அக ஆற்றல்.

இப்போது இரண்டாவது நோட்டு. அழுத்தத்துக்கான டெரிவேஷனில் அந்த மூன்றில் ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தீர்களா? சில புத்தகங்களில் மூன்றில் ஒரு பங்கு மூலக்கூறுகள் ஒவ்வொரு அச்சிலும் ஓடுவதாக வைத்துக்கொண்டு முடித்துவிடுவார்கள். விடை சரியாக வரும், காரணம் சரியில்லை. எல்லாத் திசையும் சமம் என்பதால் மூன்று திசைவேகக் கூறுகளின் இருமடிச் சராசரியும் சமம், மூன்றும் கூடினால் மொத்த வேகத்தின் இருமடிச் சராசரி, அதனால் ஒன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு. இவ்வளவே. இந்த ஒரு வரிக்காக அந்த டெரிவேஷனை மறுபடி ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

எழுதி முடித்ததும் வருகிற சூத்திரத்தில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. அழுத்தம் என்பது அடர்த்தியும் வேகத்தின் இருமடிச் சராசரியும் பெருகியதில் மூன்றில் ஒரு பங்கு. இதில் மூலக்கூறின் நிறையும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. நைட்ரஜனின் அடர்த்தி 0 டிகிரியில் கன மீட்டருக்கு 1.25 கிலோ, அழுத்தம் 1.013 லட்சம் பாஸ்கல். போட்டுப் பாருங்கள், நொடிக்கு 493 மீட்டர் வரும். ஒரு தராசும் பாரமானியும் இருந்தால் போதும், கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் வேகம் கைக்கு வந்துவிடுகிறது. ஜூல் ஹைட்ரஜனுக்கு இப்படித்தான் கணக்குப் போட்டார், அப்போது மூலக்கூறின் அளவு என்ன என்று யாருக்கும் தெரியாது.

உடனே ஒரு சந்தேகம் வர வேண்டும், 1858இல் பைஸ் பாலட் என்ற டச்சு வானிலை அறிஞருக்கும் வந்தது. மூலக்கூறு நொடிக்கு ஐந்நூறு மீட்டர் ஓடுகிறது என்றால் அறையின் ஒரு மூலையில் எழும் புகை கண்மூடித் திறப்பதற்குள் மறுமூலைக்கு வந்திருக்க வேண்டுமே, ஏன் அங்கேயே சுற்றிக்கொண்டு நிற்கிறது? கிளாசியஸ் சொன்ன பதில்தான் சராசரி மோதலிடைத் தூரம். அறை வெப்பநிலைக் காற்றில் அது ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு, ஏறக்குறைய 70 நானோமீட்டர். நொடிக்கு சுமார் 700 கோடி மோதல். திருவிழாக் கூட்டத்தில் ஓடுகிறவன் கதைதான், கால் வேகமாகத்தான் போகிறது, ஆள் நகர்வதில்லை. காற்றசைவே இல்லாமல் பரவலால் மட்டும் ஒரு மணம் 3 மீட்டர் போக வேண்டுமென்றால் சில நாட்கள் ஆகும். பக்கத்து வீட்டு மீன்குழம்பு வாசனை ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறதே என்றால், அதைக் கொண்டுவருவது காற்றோட்டம். தேர்வில் பரவலுக்கு உதாரணமாக இதை எழுதாதீர்கள், எழுதினாலும் மதிப்பெண் போட்டுவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

பாகுநிலைப் (ஓட்டத்துக்கு எதிராக வாயு காட்டும் இழுவை) பகுதியைப் பலபேர் சாய்ஸில் விட்டுவிடுகிறார்கள், எனக்கு வருத்தம், ஏனென்றால் இந்தக் கொள்கையின் மிக அழகான வெற்றி அங்கேதான் இருக்கிறது. வாயுவின் பாகுநிலை அதன் அடர்த்தியைச் சார்ந்ததே இல்லை என்று மேக்ஸ்வெல்லுக்கு 1860இல் கணக்கில் வந்தது. அவருக்கே நம்பிக்கை வரவில்லை. நெரிசல் குறைந்தால் இழுவையும் குறைய வேண்டாமா? குறையாது, ஏனென்றால் உந்தத்தைச் சுமந்து செல்லும் மூலக்கூறுகள் பாதியானால் ஒவ்வொன்றும் மோதாமல் போகும் தூரம் இரண்டு மடங்காகிறது, இரண்டும் ஈடுகட்டிக்கொள்கின்றன. பிறகு லண்டன் வீட்டின் பரணில் மனைவி கேத்தரினின் உதவியோடு அவரே சோதித்துப் பார்த்தார், கணக்கு சரியாக இருந்தது. (மிகமிகக் குறைந்த அழுத்தத்தில், மோதலிடைத் தூரம் பாத்திரத்தின் அளவை எட்டும்போது மட்டும் இது உடையும்.) உந்தத்தைச் சுமப்பது மூலக்கூறுகளின் ஓட்டம்தான் என்பதால் வாயுவைச் சூடாக்கினால் பாகுநிலை கூடும், தேனைச் சூடாக்கினால் இளகுவதற்கு நேர் எதிர்.

வேகப் பரவலில், அதாவது எந்த வேகத்தில் எத்தனை மூலக்கூறு என்ற வளைகோட்டில், மூன்று வேகங்கள் வரும், 300 கெல்வின் நைட்ரஜனுக்கு மிகவும் சாத்தியமான வேகம் 422, சராசரி 476, சராசரி இருமடிமூல வேகம் 517, எல்லாம் மீட்டர்/நொடி. எண்களைவிட அந்த வளைகோட்டின் வலதுபக்க வாலைப் பாருங்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வது அந்த வாலால்தான்: வேகமானவை சுவரில் கசிந்து ஆவியாகிப் போய்விடுகின்றன, மிஞ்சியவற்றின் சராசரி இறங்குகிறது. சென்னையில் புழுக்கமான நாளில் பானை சரியாகக் குளிராததற்குக் காரணம், வெளியேறும் அளவுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு காற்றிலிருந்து திரும்பி வந்துகொண்டிருப்பது.

அப்புறம், வாயுவை அழுத்தினால் சூடாவதற்குக் காரணம் 'மூலக்கூறுகள் நெருங்கி உரசுவது' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மூலக்கூறுகளுக்குள் உராய்வு கிடையாது. உள்ளே வந்துகொண்டிருக்கும் பிஸ்டனில் பட்டுத் திரும்பும் மூலக்கூறு, எதிர்கொண்டு வரும் பேட்டில் பட்ட பந்து மாதிரி கூடுதல் வேகத்தோடு திரும்புகிறது. சைக்கிள் பம்பின் அடிப்பக்கம் சுடுவது முக்கியமாக இதனால்தான்.

இரண்டு நோட்டும் சந்திக்கும் முதல் இடம் ஒலியின் வேகம். நியூட்டன் 1687இல், ஒலி போகும்போது காற்றின் வெப்பநிலை மாறவில்லை என்ற வகையில் கணக்கிட்டார். அந்த முறைக்கு இன்றைய எண்களைப் போட்டால் 0 டிகிரியில் 280 மீட்டர்/நொடி வரும். அளந்தால் 331. ஒலியின் நெருக்கமும் தளர்ச்சியும் வெப்பம் நகர நேரம் கொடுக்காமல் நடப்பதால் வெப்பமாறா நிகழ்வாகத்தான் எடுக்க வேண்டும் என்று லாப்லாஸ் 1816இல் திருத்தினார், அதாவது காமாவின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். இப்போது மூலக்கூறு நோட்டைத் திறங்கள். காற்று ஓரணு வாயுவாக இருந்தால் காமா 1.67, வேகம் 361. இரண்டு அணு சேர்ந்து சுழலும் என்றால் காமா 1.4, வேகம் 331. சுழல்வதோடு ஸ்பிரிங் போல அதிரவும் செய்யும் என்றால் காமா 1.29, வேகம் 317. கைதட்டி எதிரொலிக்கு நேரம் பார்க்கிற ஒருவன் மூலக்கூறு சுழல்கிறது, ஆனால் அதிரவில்லை என்று சொல்லிவிடலாம்! ஏன் அதிரவில்லை என்பதற்கு உங்கள் பாடத்தில் பதில் இல்லை. மேக்ஸ்வெல்லுக்கும் அது பெரிய தலைவலியாகவே இருந்தது. அதிர்வு ஆற்றல் துண்டுதுண்டாகத்தான் ஏறும், அறை வெப்பநிலையில் அந்த முதல் துண்டுக்கே வசதி பத்தாது என்று குவாண்டம் இயற்பியல் வந்துதான் சொன்னது. சமபங்கீட்டு விதியை (மூலக்கூறு அசையக்கூடிய ஒவ்வொரு வகைக்கும் ஆற்றலில் சமபங்கு என்பதை) எழுதும்போது அது தோற்கும் இந்த இடத்தையும் இரண்டு வரி எழுதுங்கள்.

இரண்டாவது சந்திப்பு என்ட்ரோபி. மறுபடி அந்தத் தடுப்பெடுத்த பெட்டி. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இருக்க இடம் இரண்டு மடங்கானது. பத்து மூலக்கூறு என்றால் வாய்ப்புகள் 1024 மடங்கு, ஒரு மோல் என்றால் இரண்டின் அடுக்கு அவகாட்ரோ எண். அந்த எண்ணின் மடக்கையை எடுத்து போல்ட்ஸ்மன் மாறிலியால் பெருக்குங்கள். 5.76 ஜூல்/கெல்வின். தொட்டியிலிருந்து வந்த வெப்பத்தை வகுத்துக் கிடைத்த அதே 5.76. நீங்கள் கேட்ட சம்பந்தம் இதுதான். 'ஒழுங்கின்மை' என்ற சொல் எனக்குப் பிடிக்காது, கலைந்து கிடக்கும் அறையைக் காட்டி விளக்குவதும் பிடிக்காது. எத்தனை வழிகளில் அமையலாம் என்ற எண்ணிக்கை, அதன் மடக்கை, அவ்வளவே. வியன்னாவில் போல்ட்ஸ்மன் கல்லறையில் பொறித்திருப்பதும் இந்தச் சமன்பாடுதான், அதை அந்த வடிவில் எழுதியவர் பிளாங்க் என்றாலும்.

அழுத்தம், பருமன், வெப்பநிலை, என்ட்ரோபி ஆகியவற்றின் வகைக்கெழுக்களை இணைக்கும் மேக்ஸ்வெல் தொடர்புகள் நான்கையும் வாய்ப்பாடு வைத்து மனப்பாடம் செய்யாதீர்கள். அக ஆற்றலின் சமன்பாட்டை எழுதி, குறுக்காக வகையிட்டால் முதலாவது வரும். மற்ற மூன்று ஆற்றல் சார்புகளையும் அதிலிருந்து கூட்டிக் கழித்து வரவழைத்தால் மீதி மூன்றும் வரும். பத்து நிமிட வேலை. பகுதி வகைக்கெழுவின் அடியில் எது மாறாமல் இருக்கிறது என்ற சிறிய எழுத்தைத் தவறாமல் போடுங்கள், அதை விட்டுவிட்டு எழுதினால் அந்த வரிக்குப் பொருளே இல்லை.

அவற்றால் என்ன பயன் என்று கேட்டால் கொதிநிலை அழுத்தத்தோடு எப்படி மாறும் என்று சொல்லும் கிளாசியஸ்-கிளாப்பிரான் சமன்பாட்டைக் காட்டுவேன். தண்ணீரின் உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 22.57 லட்சம் ஜூல், ஒரு கிலோ தண்ணீர் 100 டிகிரியில் ஆவியானால் கூடும் பருமன் 1.67 கன மீட்டர், வெப்பநிலை 373 கெல்வின். முதலாவதை மற்ற இரண்டின் பெருக்கலால் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 3.6 கிலோபாஸ்கல். 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல், கீழே இருப்பதைவிட 24 குறைவு, ஆக அங்கே தண்ணீர் கொதிப்பது ஏறக்குறைய 93 டிகிரியில். குக்கரில் அழுத்தம் இரண்டு மடங்கு; அங்கே இந்த நேர்கோட்டுக் கணக்கு 128 என்று கூட்டிச் சொல்லும், மடக்கை வடிவத்தில் போட்டால் சரியாக 120 பக்கம் வரும். ஏன் என்று நீங்களே பாருங்கள்.

ஜூல்-தாம்சன் விளைவுக்கு (அழுத்தமான வாயு குறுகிய துளை வழியாக விரியும்போது வெப்பநிலை மாறுவதற்கு) உதாரணமாக கேஸ் சிலிண்டர் வெளியே வியர்ப்பதை எழுதுவது இன்னொரு வழக்கமான பிழை. அடுப்பை நிறைய நேரம் எரித்தால் உள்ளே திரவம் ஆவியாகிறது, அதற்கான உள்ளுறை வெப்பம் சிலிண்டரிலிருந்து போகிறது, அதனால் குளிர்கிறது. ஜூல்-தாம்சனைத் தேட வேண்டிய இடம் ரெகுலேட்டர்.

எப்படிப் படிப்பது என்றால், ஒரே ஒரு நல்ல புத்தகம் போதும், நான்கு கைடு வேண்டாம். ஒவ்வொரு டெரிவேஷனையும் எழுதும்போது, இந்த வரியில் எதை மாறாமல் வைத்தேன், நல்லியல்பு வாயு என்பதை எங்கே பயன்படுத்தினேன், மெதுவாக நடக்கிறது என்பதை எங்கே பயன்படுத்தினேன் என்று வேறு நிற மையில் குறித்துக்கொண்டே போங்கள். ஒரு மாதத்தில் கணக்கைப் படிக்கும்போதே அந்த மை தெரியும். ஆய்வகத்தில் அட்டை போன்றவற்றின் வெப்பக் கடத்தலை அளக்கும் லீயின் வட்டத்தட்டுச் சோதனை செய்யும்போது அட்டை வழியாகப் போகும் வெப்பத்தை நாம் ஏன் தட்டு குளிரும் வேகத்தை வைத்து அளக்கிறோம் என்று கேட்டுப் பாருங்கள், ரெக்கார்டு நோட்டை மட்டும் நிரப்பிவிட்டு வராதீர்கள்.

கடைசியாக, முயன்று பார்க்க ஒன்று. தடுப்பெடுக்கும் அதே பரிசோதனை, ஆனால் இப்போது நைட்ரஜன் வான்டர் வால்ஸ் வாயு (மூலக்கூறுகளின் பருமனையும் இழுவையையும் கணக்கில் எடுக்கும் மாதிரி): 1 மோல், 1 லிட்டரிலிருந்து 2 லிட்டருக்கு விரிகிறது. அந்த இழுவையைக் குறிக்கும் 'அ' மாறிலி 0.137, எஸ்ஐ அலகில். வெப்பநிலை சுமார் 3 கெல்வின் இறங்க வேண்டும். முதல் நோட்டில் மேக்ஸ்வெல் தொடர்பு வழியாக ஒருமுறை, இரண்டாவது நோட்டில் ஒன்றையொன்று இழுக்கும் மூலக்கூறுகள் விலகும்போது எதைச் செலவழிக்கின்றன என்று யோசித்து ஒருமுறை. எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று படிகளோடு எழுதினால் பார்த்துச் சொல்கிறேன்.